விளக்கேற்றி எடுத்த உறுதிமொழி போதுமா?

நம்பிக்கை: மாணவியாக விளக்கேற்றி எடுத்த நைட்டிங்கேல் உறுதிமொழியே செவிலியருக்கு ஆயுள் முழுவதும் வழிகாட்டும்.

உண்மை: அதை ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதவே இல்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதி, நைட்டிங்கேலின் பெயரைச் சூட்டியது. மருத்துவருக்கு விசுவாசமாகத் துணைநிற்பதை வலியுறுத்தும் அந்த வாசகத்தில் இன்றைய வார்டின் கேள்விகளுக்கு விடை இல்லை. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953-இல் ஏற்ற நெறிமுறைத் தொகுப்பும் பலமுறை திருத்தப்பட்டு, 2021-இல் புதிய வடிவம் பெற்றது. இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டமும் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் 2017-இல் வந்தன. உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாமென முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. 2005-இல் படித்து முடித்தவர் இந்த அண்மை மாற்றங்களில் ஒன்றையும் வகுப்பில் கேட்டிருக்க முடியாது.

நம்பிக்கை: நல்ல மனம் இருந்தால் நெறி தானாக வரும்.

உண்மை: வார்டில் நடக்கும் தவறுகள் பல நல்ல மனத்தோடுதான் நடக்கின்றன. சக ஊழியரைக் காப்பதாக எண்ணி எச்ஐவி நோயாளியின் கேஸ் ஷீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி குறித்துவைப்பது அப்படிப்பட்டது. நோயாளியின் ரகசியம் அங்கே பறிபோகிறது; ஊழியருக்கோ பாதுகாப்பு கூடுவதில்லை. ரத்தத்தைக் கையாளும்போது எல்லா நோயாளிகளிடமும் ஒரே தற்காப்பு முறையைக் கடைப்பிடிப்பதே சரியான வழி. கருக்கலைப்புக்குக் கணவரின் கையெழுத்து கேட்பதும் இதே வகைதான். 18 வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும் என்று 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமே சொல்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெண்கள் திருப்பி அனுப்பப்படுவது வேதனைக்குரியது.

நம்பிக்கை: மருத்துவர் சொன்னதைச் செய்தால் போதும், பொறுப்பு அவருடையது.

உண்மை: மருந்தின் அளவு தவறாகத் தெரிந்தால், கொடுப்பதற்கு முன் கேட்டுத் தெளிவது செவிலியரின் கடமை. ஆனால் ஒரே செவிலியர் முழு வார்டையும் பார்க்கும் இரவில், மூத்த மருத்துவரை எழுப்பிக் கேட்கத் துணிவு வேண்டும். சரியானது எதுவென்று தெரிந்தும் அமைப்பின் தடைகளால் அதைச் செய்ய முடியாத இந்த நிலையை 1984-இல் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் ‘அறத் துயரம்’ என வரையறுத்தார். ஆகவே செவிலியருக்கு மட்டும் நெறிமுறை வகுப்பு எடுத்தால் பாதி வேலைதான் முடியும். மருத்துவரும் நிர்வாகமும் சேர்ந்து உட்கார வேண்டும். செவிலியரின் குரலுக்கு எடை உண்டு என்பதற்கு அருணா ஷான்பாக் வழக்கே சான்று. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்த அந்தச் செவிலியரை, 2015-இல் இறக்கும்வரை சக செவிலியர்கள் பராமரித்தனர். அவர் சார்பில் பேசும் உரிமை அம்மருத்துவமனை ஊழியருக்கே உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

நம்பிக்கை: தொடர் நெறிமுறைப் பயிற்சிக்கெல்லாம் ஏழை நாடுகளில் பணம் ஏது?

உண்மை: பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி என்ற அளவை இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்துள்ளது, மாநிலங்கள் அதைச் செயல்படுத்தும் வேகம்தான் வேறுபடுகிறது. நெறிமுறைக்குப் பெரிய அரங்கம் வேண்டாம். போன வாரம் வார்டில் எழுந்த ஒரு சிக்கலை, நோயாளியின் பெயரை விட்டுவிட்டு, தலைமைச் செவிலியரோடு அரை மணி நேரம் பேசலாம். அந்த அரை மணியைப் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும். இரவுப் பணி முடித்துக் களைத்தவரை உட்கார வைத்தால் வருகைப் பதிவேடு மட்டுமே நிரம்பும்.