கனவுக்காக வேட்டையாடப்படுபவர்கள்

கேள்வி: பழங்குடியினரின் எதிர்காலத்தைப் பேசும் இளையோர் நாவல் உண்டா?
- வாசகி, விக்கிரமசிங்கபுரம்

பதில்: உண்டு. கனடாவின் மேட்டி பூர்வகுடி இனத்தவரான செரி டிமலைன் எழுதிய ‘தி மேரோ தீவ்ஸ்’ (2017). உலகமே கனவு காணும் திறனை இழந்துவிட, அதை இழக்காத பூர்வகுடிகளை, அந்தத் திறன் உறைந்திருக்கும் எலும்பு மஜ்ஜைக்காக வேட்டையாடுகிறார்கள். தப்பி வடக்கே நடக்கும் சிறுவன் பிரெஞ்சிக்கு வழியில் சேர்ந்தவர்களே குடும்பம். மிக் என்ற பெரியவர் வளர்ந்த பிள்ளைகளைத் தீயருகே உட்காரவைத்துத் தம் மக்களின் வரலாற்றைச் சொல்லுவார். அந்தப் பக்கங்களுக்காகவே வாசிக்கலாம். மஜ்ஜை வேட்டைதான் கற்பனை. ஆனால், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி அடைத்த உறைவிடப் பள்ளிகள் கனடாவில் 1990-கள் வரை நிஜமாகவே இருந்தன.

உங்கள் ஊருக்கு மேலே, மயிலாறிலும் காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழியிலும் காணிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 1988 முதல் அவர்கள் வாழும் காடு புலிகள் காப்பகம். அங்கிருந்து படிக்க இறங்கிவரும் பிள்ளைகளுக்கு இந்த நாவல் தமிழில் கிடைக்க வேண்டும். மொழிபெயர்க்க யாராவது முன்வாருங்கள்.