நாட்காட்டியை மாணாக்கர் தாமே கணித்து வரைதல்
(ஆசிரியர்க்குரிய பாடம்)

காலத்தை அளந்து காட்டுங் கருவிகளுள் வீடுதோறுஞ் சுவரிலே தொங்குவது நாட்காட்டி. அதனைப் பார்த்து நாட்சொல்ல அறியாத மாணாக்கர் இலர். ஆயினும், தைப்பொங்கல் ஆங்கில மாதத்தில் ஏறக்குறைய ஒரே நாளில் வருதலும், தீபாவளி ஆண்டுதோறும் முன்பின்னாக மாறுதலும் யாது காரணத்தால் என வினவின், விடை கூறுவார் மிகச் சிலரே. இதனினும் இடர்ப்பாடான வினா ஒன்றுண்டு. வாக்கிய பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டுப் பிள்ளையும், திருக்கணித பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பிலிருந்து, "எது சரி?" என்று கேட்பராயின், ஆசிரியர் வாளாவிருத்தல் தகாது. இருப்பாராயின், ஒரு பிள்ளை தன் வீட்டாரை இகழக் கற்கும். மற்றது அயல்வீட்டாரை இகழக் கற்கும். ஆதலின், நாட்காட்டியை மாணாக்கர் தாமே ஆக்கும் முறையை ஈண்டுக் கூறுவாம். ஆக்கக் கற்றவர்க்கே அதனுள் வானத்தின் இயல்பு இது, மக்கள் வகுத்த வழக்கு இது என்பது விளங்கும்.

முதலாவது, கிழமை. ஏழு நாட்கொண்ட வாரம் சூரிய சந்திரரின் சுற்றுக்களோடு பொருந்துவதன்று. இடையறாது எண்ணிவரும் எண்ணிக்கையேயாம். 1582ஆம் ஆண்டிலே பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் ஆங்கில நாட்காட்டி எனப்படுவதனைத் திருத்தியபோது, ஒக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15 என வைத்தனர். பத்துத் தேதிகள் ஒழிந்தன. கிழமையோ வியாழனுக்குப்பின் வெள்ளியாகவே சென்றது.

365ஐ 7ஆல் வகுப்பின் ஈவு 52, மீதி 1. ஆதலின் சாதாரண வருடத்துக்கு அடுத்த வருடம் ஒரு கிழமை தள்ளித் தொடங்கும். லீப் வருடத்துக்கு அடுத்தது இரண்டு கிழமை தள்ளித் தொடங்கும். 4ஆல் வகுபடும் ஆண்டு லீப் வருடம். நூற்றாண்டு ஆண்டாயின் 400ஆல் வகுபடல் வேண்டும். 2000 லீப் வருடம்; 1900 அன்று; 2100உம் ஆகாது. மாதங்களுக்கும் இவ்வாறே மீதி காண்க. 31 நாள் மாதத்தின் மீதி 3. 30 நாள் மாதத்தின் மீதி 2. 28 நாட் பெப்ரவரிக்கு மீதி இல்லை. 2026 ஜனவரி 1 வியாழன். மூன்று கூட்டப் பெப்ரவரி 1 ஞாயிறு. மீதியின்மையால் மார்ச் 1உம் ஞாயிறு. மூன்று கூட்ட ஏப்ரில் 1 புதன். எஞ்சிய மாதங்களை மாணாக்கரே காண்பாராக.

பின்னர்க் கடதாசியில் அடிமட்டங்கொண்டு 7 நிரலும் 6 நிரையுமாகக் கட்டம் வரைவித்து, ஞாயிறு முதலாக நாட்களை நிரப்பச் செய்க. 2026 பெப்ரவரி நான்கு நிரைகளில் நிறைவுற, சனியிலே தொடங்கும் ஓகஸ்ட் ஆறு நிரைகளையும் வேண்டி நிற்றலைக் கண்டு பிள்ளைகள் வியப்பர். வருடம் ஏழு கிழமைகளுள் ஒன்றிலே தொடங்கும். சாதாரணமேனும் லீப்பேனும் ஆகும். ஆகவே நாட்காட்டி வகை பதினான்கே என்பதை அவர்களே கண்டு கூறும்வரை ஆசிரியர் பொறுத்திருத்தல் நன்று.

இரண்டாவது, சூரியன். நம் சித்திரை முதலிய மாதங்கள் சூரியன் ஒவ்வோரிராசியிலும் நிற்குங் கால அளவால் அமைந்தவை. மார்கழி 29 அல்லது 30 நாளாகவும், ஆனியும் ஆடியும் 31 அல்லது 32 நாளாகவும் வருதற்குக் காரணம் உண்டு. பூமி சூரியனுக்கு மிக அணித்தாக வருவது ஜனவரித் தொடக்கத்தில்; அப்பொழுது அது விரைந்து செல்லும். மிகச் சேய்மையில் நிற்பது யூலைத் தொடக்கத்தில். அப்பொழுது மெல்லச் செல்லும்.

ஆங்கில வருடம் பருவங்களைத் தழுவியது. அதன் அளவு ஏறக்குறைய 365 நாள் 5 மணி 49 நிமிடம். நம் வருடம் நட்சத்திரங்களைத் தழுவியது. அது 365 நாள் 6 மணி 9 நிமிடம். பூமியின் அச்சு மெல்லத் திரும்புதலால் விளையும் இவ்விருபது நிமிட வேற்றுமை, ஏறக்குறைய 72 ஆண்டில் ஒரு நாளாகின்றது. விவேகாநந்த சுவாமிகள் 1863 ஜனவரி 12இல், மகர சங்கிராந்தி நாளிலே பிறந்தவர். இக்காலத்தில் அச்சங்கிராந்தி ஜனவரி 14 அல்லது 15இல் வருகின்றது. இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுக. நெடுங்கணக்கு ஒரு நொடியில் விளங்கும்.

மூன்றாவது, சந்திரன். அது சூரியனைவிட்டு 12 பாகை விலகுங் காலம் ஒரு திதி. திதி 20 மணிக்கும் 27 மணிக்கும் இடைப்பட நீளுங் குறுகும்; ஆதலின் ஒரு திதி இரண்டு சூரியோதயங்களைத் தொடுதலும், ஒன்றையுந் தொடாது கழிதலும் உண்டு. பன்னிரண்டு சந்திர மாதங்கள் ஏறக்குறைய 354 நாளேயாதலால், திதிபற்றி வரும் விழா ஆண்டுதோறும் 11 நாளளவு முன்னே வந்து, தனக்குரிய சூரிய மாதத்தை விட்டகலாதபடி இடையிடையே பின்னே தள்ளும். தீபாவளி 2024இல் ஒக்டோபர் 31. 2025இல் ஒக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8.

சந்திரன் வாரத்தோடு பொருந்தாமையை நம் நாடே ஒருகாற் கண்டது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறையை ஒழித்துப் போயா நாட்களையே வார விடுமுறையாக வைத்தனர். சந்திர மாதத்தின் காற்கூறு ஏழு நாளினுஞ் சிறிது மிகையாதலால், சில வாரம் எட்டு நாளாயிற்று. ஈற்றில் அம்முறை கைவிடப்பட்டது. பாட்டன் பாட்டிமாரை வினவிவரப் பிள்ளைகளை ஏவுக.

இனி, முன்னர்க் கூறிய வினாவுக்கு வருவாம். வாக்கிய முறை, எண்களை எழுத்துக்களாலே குறித்த பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது. அதன் வருட அளவு 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. இன்று அளந்து கண்ட நட்சத்திர வருடத்தினும் ஏறக்குறைய மூன்றேகால் நிமிடம் மிகை. திருக்கணிதம் பிற்கால அளவுகளாலே திருத்தப்பட்டது. இவ்வகை வேற்றுமைகளால் ஒரு திதியின் முடிவு இரண்டிலுஞ் சில நாழிகை வேறுபடலாம். அம்முடிவு சூரியோதயத்தை அடுத்து வருமாயின், நாளே வேறாகும்.

எனவே "எது சரி?" என்பது ஈண்டு ஒரு வினாவன்று, இரண்டு வினாக்கள். சந்திரன் எந்நேரத்தில் எவ்விடத்தில் நின்றது என்பது ஒன்று. அதற்கு வானமே சான்று. கிரகணத்தைக் கடிகாரங்கொண்டு நோக்கி யாவருந் துணியலாம். விரதத்தை எந்நாளில் நோற்பது என்பது மற்றொன்று. அதற்குக் குடும்ப வழக்கும் ஆலய வழக்குஞ் சான்று. முன்னதிற்கு வழக்கைக் காட்டுதலும், பின்னதன்பொருட்டு அயலாரை இகழ்தலும் ஆகிய இரண்டுங் குற்றமாம்.

கணிதம் முடிந்தபின் தாளைக் கணினியில் அமைத்து அச்சிட்டு வகுப்பறையில் தொங்கவிடலாம். முதற்பிரதி மட்டும் பிள்ளைகளின் கையாலேயே ஆகுக. ஒவ்வொரு கட்டத்திலும் தேதியும் தமிழ்த் தேதியும் எழுதி, திதிக்கு இரு பஞ்சாங்கத்தின் முடிவு நேரத்தையும் அருகருகே குறிப்பிக்க. வேறுபடும் நாட்களை ஆண்டு முடிவில் எண்ணுவிக்க. அவ்வெண்ணிக்கையைத் தம் கையாலே கண்ட பிள்ளைகள் பின்னர் அதுபற்றிப் பிணங்கார்.