கத்தியில் பொறித்திருப்பதைப் படித்து வாங்குங்கள்

பாத்திரம் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பது நம் வீடுகளில் பழக்கம். ஒட்டினால் மட்டம் என்று ஒதுக்கிவிடுவோம். புனேயின் துளசிபாக் சந்தையிலோ போரி ஆளி கடைத்தெருவிலோ கத்தி வாங்கப் போகிறவர்கள் அந்தக் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• அலகில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டத்தான் வேண்டும். பாத்திரத்துக்கான 18/8 எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதைக் காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது, கூர் நிற்காது. கத்திக்கு ஏற்றவை 420, 440 போன்ற வகைகள். அவற்றில் கரிமம் அதிகம், காந்தமும் ஒட்டும். வெட்டும் கத்தியின் அலகிலேயே 18/8 அல்லது அதே வகையைக் குறிக்கும் 304 என்றிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

• எண்களைப் பிரித்துப் படியுங்கள். ‘எக்ஸ்50 சிஆர்எம்ஓவி15’ என்பதில் 50 என்றால் அரை சதவீதக் கரிமம். 15 என்றால் சுமார் 15 சதவீதக் குரோமியம். கூடவே ‘ஹெச்ஆர்சி 56’ என்றிருந்தால் அது கடினத்தின் அளவு. நல்ல எஃகும் பதம் தப்பினால் வீண் என்பதால், இந்த எண்ணைத்தான் நான் முதலில் தேடுவேன்.

• புனேயில் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாரில் பழைய சவரக்கத்தி கிடைத்தால், அலகு பிடியோடு சேரும் இடத்தைத் துடைத்துப் பாருங்கள். ‘ரோஸ்ட்ஃப்ரை’, ‘இனாக்ஸ்’ இரண்டும் ஸ்டெயின்லெஸ்தான். இவை எதுவும் இல்லையென்றால் துருப்பிடிக்கும் கார்பன் எஃகு என்றே வைத்துக்கொண்டு, சவரம் முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவுங்கள். ‘சோலிங்கன்’ என்பது ஜெர்மனியில் உள்ள ஊர். எஃகின் வகை அல்ல. 1938 முதல் அந்தப் பெயருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு.

செய்யக்கூடாதவை

• ‘சில்வர் ஸ்டீல்’ என்று பொறித்த பழைய சவரக்கத்தியை எவர்சில்வர் என்று எண்ணாதீர்கள். 1820 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் கத்திக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் நம் நாட்டு உருக்கை ஆராய்ந்தார்கள். எஃகில் 500இல் ஒரு பங்கு வெள்ளி கலந்தும் பார்த்தார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது அந்தச் சோதனைதான். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியதோ அதற்கு வெகுகாலம் கழித்து, 1913இல்தான்.

• ப்ளேடு உறையில் ‘பிளாட்டினம்’ என்றிருந்தால் மயங்க வேண்டாம். அது விளிம்பில் மெல்லிய பூச்சு மட்டுமே.

• தெருவில் வரும் சாணைக்காரரிடம் பொறி பறக்கத் தீட்டக் கொடுக்காதீர்கள். விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. பொறித்த எண் அப்புறம் பொய். தண்ணீர் விட்டு, கல்லில் மெதுவாகத் தீட்டச் சொல்லுங்கள்.

• ஸ்டெயின்லெஸ்தானே என்று எலுமிச்சை, புளி, உப்பு பட்ட கத்தியை இரவெல்லாம் தொட்டியில் போடாதீர்கள். பாத்திரத்தைவிட அலகில் துருப்புள்ளி சீக்கிரம் விழும்.