ஏறும் முன் அறிவோம்

நுழையும் முன்

உயர்ந்த சுவரொன்றில் ஒருவர் ஏறுகிறார். கீழே நிற்கும் தோழர் கயிற்றைப் பிடித்திருக்கிறார். ஏறுபவரின் கை நழுவினால் அவரைத் தாங்குபவை கயிறு, இடைக்கச்சை, ஒரு சிறு வளையம், தோழரின் கவனம் ஆகியவையே. இவ்விளையாட்டைப் புதிதாகத் தொடங்குவோர் எக்கருவியை முதலில் வாங்க வேண்டும்? எதனைப் பிறகு வாங்கலாம்? இப்பாடத்தில் காண்போம்.

விளையாட்டின் இயல்பு

பாறையிலோ செயற்கைச் சுவரிலோ எஃகு ஆணிகள் முன்னரே பதிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் காப்பாகக் கொண்டு, கை கால்களின் வலிமையால் ஏறுவதே ‘ஸ்போர்ட் கிளைம்பிங்’ என்னும் பாறையேற்ற விளையாட்டு. இதில் கயிறு ஏறுவதற்கு உதவுவதன்று. விழும்போது தாங்குவதற்கே உரியது. 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றது.

புது தில்லியில் இந்திய மலையேற்ற நிறுவன வளாகத்தில் இதற்கெனச் செயற்கைச் சுவர் உள்ளது. இயற்கைப் பாறையை நாடுவோர் கர்நாடகத்தின் பாதாமிக்குச் செல்கின்றனர். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வென்ற வாதாபி இவ்வூரே. அங்குள்ள செம்மணற்கல் பாறைகள் ஏறுவோரை இன்றும் ஈர்க்கின்றன.

இருவகைக் கருவிகள்

பாறையேற்றக் கருவிகளை இருவகையாகப் பிரிக்கலாம். ஏறுவதை எளிதாக்குபவை ஒருவகை. உயிரைத் தாங்குபவை மற்றொரு வகை. காலணியும் வெண்பொடியும் முதல் வகையின. கச்சை, வளையம், பிலே கருவி, தலைக்கவசம், கயிறு ஆகியவை இரண்டாம் வகையின. முதல் வகையில் சிக்கனம் காட்டலாம். இரண்டாம் வகையில் விலையைவிடத் தரமே முதன்மையானது.

காலணியும் வெண்பொடியும்

பாறையேற்றக் காலணியின் அடிப்பகுதி வழவழப்பான ரப்பரால் ஆனது. சிறு விளிம்பிலும் பற்றிக்கொள்ளும். காலுறையின்றி அணிந்து பார்த்தல் நன்று. விரல்கள் முன்பகுதியைத் தொட வேண்டும். ஆனால் வலி உண்டாகக் கூடாது. போட்டியாளர் அணியும் வளைந்த, மிக இறுக்கமான காலணி தொடக்க நிலையினருக்கு வேண்டியதில்லை. வளரும் பருவத்தில் கால் அளவு விரைவில் மாறும். ஆதலால் சில மாதங்கள் பயிற்சி நிலையத்தின் வாடகைக் காலணியே போதும். வெண்பொடி என்பது மெக்னீசியம் கார்பனேட். அது கைவியர்வையை உறிஞ்சும்.

இடைக்கச்சை

‘ஹார்னஸ்’ எனப்படும் கச்சை, இடைவாரும் இரு தொடைவார்களும் கொண்டது. இடைவார் இடுப்பெலும்புக்கு மேலே அமைய வேண்டும். இறுக்கிய பின் கீழ்நோக்கி இழுத்தாலும் அது இறங்கலாகாது. இடுப்பு இன்னும் அகலாத சிறுவர்களுக்கு இடைக்கச்சை நழுவக்கூடும். அவர்களுக்குத் தோளையும் சேர்த்துத் தாங்கும் முழுவுடற் கச்சையே ஏற்றது.

வளையமும் பிலே கருவியும்

‘காரபினர்’ என்பது திறந்து மூடும் வாயுடைய உலோக வளையம். ஏறுவோர் பயன்படுத்தும் வளையம் நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். இது ஏறத்தாழ 2000 கிலோகிராம் எடைக்கு நிகர். வாய் திறந்திருந்தால் அதே வளையத்தின் வலிமை பாதிக்கும் கீழே குறைந்துவிடக்கூடும். ஆகவே பிலே கருவியுடன் பூட்டுள்ள வளையத்தையே இணைக்க வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டும் வளையம் தோற்றத்தில் இதனை ஒத்திருக்கும். ஆனால் அது ஓர் ஆளைத் தாங்காது. கீழே நிற்பவர் கயிற்றை நிறுத்தவும் தளர்த்தவும் உதவுவது பிலே கருவி. அதனை வாங்குமுன் பயிற்றுநரிடம் அதன் பயன்பாட்டைக் கற்றல் வேண்டும்.

தலைக்கவசமும் கயிறும்

இயற்கைப் பாறையில் மேலிருந்து சிறு கற்கள் விழலாம். ஆதலால் அங்கு ஏறுபவர், கீழே நிற்பவர் ஆகிய இருவருக்கும் பாறையேற்றத்திற்குரிய தலைக்கவசம் தேவை.

ஏறுவோரின் கயிறு நீளும் தன்மையுடையது. விழும்போது அது சற்றே நீண்டு, அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். நீளாத கயிற்றில் விழுந்தால் அவ்வதிர்ச்சி முழுவதும் உடலைத் தாக்கும். கடைகளில் விற்கும் சாதாரண நைலான் கயிறு எவ்வளவு தடிமனாயினும் இதற்கு ஈடாகாது. பயிற்சி நிலையங்களில் கயிறு இருக்கும். எனவே கயிற்றை இறுதியில் வாங்கலாம்.

தர முத்திரை

உயிரைத் தாங்கும் கருவிகளில் ‘யு.ஐ.ஏ.ஏ.’ அல்லது ‘சி.இ.’ முத்திரை உள்ளதா என நோக்க வேண்டும். முன்னது, 1932இல் தோன்றிய பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பின் முத்திரை. பழைய காலணியைத் தயங்காமல் வாங்கலாம். பழைய கயிற்றையும் கச்சையையும் வாங்கலாகாது. வெயிலும் வேதிப்பொருளும் இழையை உள்ளே நலிவித்திருக்கலாம். அக்குறை கண்ணுக்குத் தெரியாது.

ஏறத் தொடங்குமுன் இருவரும் ஒருவர் மற்றவரின் கச்சையையும், முடிச்சையும், வளையத்தின் பூட்டையும் பார்த்தல் மரபு. எத்தனை ஆண்டு பழகியவரும் இதனைக் கைவிடுவதில்லை. சிறந்த கருவியும் சரியாகப் பூட்டப்பட்டால்தான் காக்கும்.

சொல்லும் பொருளும்

கச்சை – இடுப்பில் இறுகக் கட்டும் வார்
எஃகு – உறுதியாக்கப்பட்ட இரும்பு
நலிவித்தல் – வலிமை குன்றச் செய்தல்
மரபு – தொன்றுதொட்டு வரும் வழக்கம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. வெண்பொடி
2. எக்கருவி
3. செம்மணற்கல்

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. பாறையேற்ற விளையாட்டில் கயிற்றின் பயன் யாது?
2. சிறுவர்களுக்கு முழுவுடற் கச்சை ஏற்றது என்பது ஏன்?
3. பழைய கயிற்றை ஏன் வாங்கலாகாது?

இ. சிந்தித்து எழுதுக.
உன் தோழியிடம் சிறிதளவு பணமே உள்ளது. அவள் பயிற்சி நிலையத்தில் இன்றுதான் சேர்ந்திருக்கிறாள். எவற்றை வாடகைக்குப் பெறலாம், எவற்றைப் புதிதாக வாங்க வேண்டும் எனக் காரணம் கூறி அவளுக்கு ஒரு கடிதம் எழுதுக.