பழைய சஞ்சிகைகளும் நம் கையிலுள்ள கமராவும்

(க.பொ.த. உயர்தரம், கலைப் பிரிவு)

முத்திரை சேர்த்தல், நாணயம் சேர்த்தல், தீப்பெட்டிப் படம் சேர்த்தல் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பொழுதுபோக்கு இருந்திருக்கிறது. நம் வயதினரிடம் இன்று இருப்பது கையடக்கத் தொலைபேசியும் அதிலுள்ள கமராவும்தான். கண்டதையெல்லாம் படமெடுக்கிறோம். இணையத்தில் பழைய படம் ஒன்று அகப்பட்டால் எடுத்து வைக்கிறோம். புதிய கருவி ஒன்று வந்துவிட்டால் அதன் விபரங்களைப் பாடப் புத்தகத்தை விடக் கவனமாக வாசிக்கிறோம். பெரியவர்கள் இதை வீண் வேலை என்கிறார்கள். எப்போதும் அப்படித்தானா?

சேர்ப்பதில் உள்ள ஆசை, மற்றவருக்கும் பயன்படும் விதத்தில் சேர்த்து வைக்கும்போது ஒரு சமூகத்தின் சொத்தாக மாறிவிடுகிறது. தமிழுலகில் இதற்கு நல்ல உதாரணங்கள் உள்ளன. அவற்றைப் பார்த்துவிட்டு, நமது ஊரில் நாம் செய்யக்கூடியது என்ன என்பதையும் பார்ப்போம்.

ஓவியர் சேர்த்த நூலகம்

தமிழ்நாட்டின் செட்டிநாட்டுப் பகுதியிலுள்ள கோட்டையூரைச் சேர்ந்தவர் ரோஜா முத்தையா செட்டியார். அவர் பேராசிரியரோ நூலகரோ அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய அச்சுப் பிரதிகளைத் தேடித் தேடி வாங்குவது அவருடைய ஆசை. பெரிய இலக்கிய நூல்களை மட்டுமே சேர்க்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. வார, மாத இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் குப்பையில் போடுபவற்றையும் எடுத்து வைத்தார். ஏறத்தாழ ஓர் இலட்சம் பொருட்கள் சேர்ந்தன.

அவர் 1992இல் காலமானார். 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டு போகவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. பக்கங்கள் படமெடுக்கப்பட்டு நுண்படச் சுருள்களில் பாதுகாக்கப்பட்டன. இன்று பழைய தமிழ் நாடகத்தைப் பற்றியோ, பெண்கள் இதழ்களைப் பற்றியோ ஆராய விரும்புவோர் அந்த ஓவியரின் ஆசைக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

இணையத்தில் இரண்டு முயற்சிகள்

இரண்டாவது உதாரணம் மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இரசாயனவியல் ஆய்வாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் தம் ஓய்வு நேரத்தில் கணினிக்கான தமிழ் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். 'மயிலை' என்பது அதன் பெயர். பின்னர் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் சம்பளம் எதுவுமின்றி, இரவில் தத்தம் வீட்டிலிருந்து பழைய நூல்களைத் தட்டெழுதினார்கள். ஒருவர் தட்டெழுத, இன்னொருவர் பிழை பார்த்தார். இப்படித்தான் சங்க இலக்கியம் முதல் சீறாப்புராணம் வரை எவரும் இலவசமாக வாசிக்கும் நிலை வந்தது.

மூன்றாவது உதாரணம் நமது நாட்டிலேயே உள்ளது. 2005ஆம் ஆண்டு தி. கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர்கள் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் ஆகியவற்றை வருடிப் பக்கம் பக்கமாக ஏற்றினார்கள். தன்னார்வலர் சிலரின் முயற்சி பின்னர் ஒரு நிறுவனமாக வளர்ந்தது. நம் ஆசிரியர்கள் மாணவராய் இருந்தபோது கைக்குக் கிடைக்காத பல இதழ்களை இன்று நாம் தொலைபேசியிலேயே வாசிக்கிறோம்.

இந்த மூன்று முயற்சிகளிலும் பொதுவான ஒன்று இருக்கிறது. எல்லாமே ஒரு சிலரின் ஆர்வத்தில் தொடங்கின. சேர்த்ததைப் பூட்டி வைக்காமல் ஒழுங்குபடுத்தி மற்றவர்களுக்குத் திறந்து விட்டதால்தான் அவை நிலைத்தன.

நமது கரையோரத்தில் இதன் தேவை

கல்முனைப் பிரதேசம் இலக்கியத்துக்குப் பெயர் போனது. எம்.ஏ. நுஃமான் 1969, 1970 காலப்பகுதியில் 'கவிஞன்' என்ற காலாண்டுக் கவிதை இதழை இங்கிருந்து நடத்தினார். பெரியநீலாவணையைச் சேர்ந்த கவிஞர் நீலாவணன் 'பாடும்மீன்' இதழை வெளியிட்டார். இவற்றை விட, பள்ளிவாசல் திறப்பு விழா மலர்கள், விளையாட்டுக் கழக மலர்கள், கையெழுத்துச் சஞ்சிகைகள் என்று எத்தனையோ வெளிவந்திருக்கும். அவற்றில் எத்தனை நம் வீட்டு அலுமாரிகளில் எஞ்சியுள்ளன?

கடதாசிக்கு நமது காலநிலை பகை. மலிவான அச்சுத் தாள் மரக்கூழிலிருந்து செய்யப்படுகிறது. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அதில் நீக்கப்படாமல் தங்கிவிடும். ஒளியும் காற்றும் பட்டால் அது தாளை மஞ்சளாக்குகிறது. தாளிலுள்ள அமிலம் நாளடைவில் நார்களை அறுக்க, மடித்த இடத்தில் தாள் அப்பளம் போல நொறுங்குகிறது. ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கிறது. உப்புக் காற்றில் சஞ்சிகையின் நடுவிலுள்ள கம்பி துருப்பிடித்துத் தாளையும் தின்கிறது. மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்கிறது.

இவையெல்லாம் மெதுவான அழிவுகள். ஒரே நாளில் வரும் அழிவும் உண்டு. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். உயிர்களின் இழப்புக்கு முன்னால் கடதாசியைப் பற்றிப் பேசுவது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மவ்த்தானவர்களின் முகம் பதிந்த படமும் கடதாசியில்தான் இருந்தது.

நான் பிறப்பதற்கு முன் நடந்த அந்த அனர்த்தத்தில் எங்கள் வீட்டிலிருந்த படங்கள் அனைத்தும் போய்விட்டன. உம்மாவின் கல்யாண அல்பத்திலிருந்து ஒரேயொரு படம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் பிரதி ஒன்று முன்னரே அக்குறணையிலுள்ள சாச்சிக்கு அனுப்பப்பட்டிருந்ததே காரணம். உம்மாவின் உம்மாவை நான் கண்டது அந்தப் படத்தில் மட்டும்தான். பிரதி ஒன்று வேறு ஊரில் இருப்பதன் அருமையை எனக்கு விளங்கப்படுத்தியது அந்தப் படம்தான்.

எந்தக் கமரா வேண்டும்?

புதிய தொலைபேசி வாங்கித் தந்தால்தான் செய்ய முடியும் என்று வாப்பாவிடம் கேட்டுவிட வேண்டாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அச்சுப் பக்கம் ஒன்றைத் தெளிவாகப் பதிய அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும் என்பது பொதுவான அளவு. ஏ5 அளவுள்ள சஞ்சிகைப் பக்கம் 5.8 அங்குல அகலமும் 8.3 அங்குல உயரமும் கொண்டது. அதற்கு 1740 × 2490 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 43 இலட்சம் புள்ளிகள் தேவை. ஏ4 பக்கத்துக்கு ஏறத்தாழ 87 இலட்சம்.

ஒரு மெகாபிக்சல் என்பது 10 இலட்சம் புள்ளிகள். எனவே ஏ5 பக்கத்துக்கு 8 மெகாபிக்சல் கமராவும், ஏ4 பக்கத்துக்கு 12 மெகாபிக்சல் கமராவும் தாராளம். காக்கா பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய தொலைபேசியிலும் இது இருக்கும். விளம்பரங்களில் வரும் 108, 200 என்ற பெரிய எண்கள் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. கமராக் கண்ணாடியைப் பருத்தித் துணியால் துடைத்துக்கொண்டால் அதுவே பெரிய முன்னேற்றம்.

படமெடுக்கும் முறை

1. வெளிச்சம்: ஜன்னலோரத்தில், வெயில் நேரே விழாத இடத்தில் மேசையைப் போடுங்கள். பிளாஷ் வேண்டாம். அது வழவழப்பான தாளில் பட்டு வெள்ளைப் புள்ளியாகித் திரும்பும்.

2. கமராவின் நிலை: தொலைபேசி தாளுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். சரிந்தால் சதுரமான பக்கம் ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் ஒடுங்கும். புத்தகங்களை அடுக்கி, கமரா வெளியே நீட்டியிருக்கும்படி தொலைபேசியை மேலே வைத்து, பக்கத்தைக் கீழே வைக்கலாம். கை நடுக்கம் தெரியாமலிருக்க இரண்டு வினாடி நேரம் வைத்து எடுங்கள்.

3. பக்கம்: நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். கீழே கறுப்புத் துணி விரித்தால் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிவது குறையும். இறுகக் கட்டிய நூலை நசுக்கித் திறக்காதீர்கள். பாதியளவு திறந்து வைத்துப் பக்கம் பக்கமாக எடுங்கள்.

4. எதையும் விடாதீர்கள்: அட்டை, பின்னட்டை, விலை, அச்சக முகவரி, விளம்பரம் எல்லாம் வேண்டும். பழைய சாரிக் கடை விளம்பரம் ஒன்று அன்றைய கடைத்தெருவை நமக்குச் சொல்லும். ரோஜா முத்தையா நோட்டீஸ்களைச் சேர்த்ததன் பயனும் அதுதான்.

பெயரிடலும் பாதுகாப்பும்

கமரா தானாக வைக்கும் எண்ணை அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் எது எந்த இதழ் என்று நமக்கே தெரியாது. "1969-கவிஞன்-இதழ்1-பக்கம்03" என்பது போலப் பெயரிடுங்கள். ஆண்டு முன்னால் வந்தால் எல்லாம் கால வரிசையில் நிற்கும். 3 என்பதை 03 என எழுதினால் பக்கம் 10, பக்கம் 2இற்கு முன்னால் போய் நிற்காது. பிரதி யாருடையது, எந்நாளில் படமெடுத்தீர்கள் என்பவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இப்போது தமிழுக்கும் உள்ளன. ஆனால் பழைய இதழ்களில் 'லை', 'னை' போன்றவை தும்பிக்கை போன்ற வளைவுடன் அச்சாகியிருக்கும். அங்கே மென்பொருள் தடுமாறும். ஆகவே மனிதக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த எழுத்தை நம்பக் கூடாது. மூலப் படத்தையும் அழிக்கக் கூடாது.

படப்பிடிப்பாளர்களிடையே ஒரு விதி உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறு இடத்தில். ஒரு பக்கம் 3 மெகாபைற் என்றால் 64 பக்க இதழுக்கு 192 மெகாபைற். 16 கிகாபைற் பென் டிரைவ் ஒன்றில் இப்படி ஏறத்தாழ 80 இதழ்கள் அடங்கும். அதை வேறு ஊரிலுள்ள ஓர் உறவினரிடம் கொடுத்து வைக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் முழு அளவில் போய்ச் சேரும்.

இணையத்தில் கண்டெடுப்பவை

"அந்தக் காலக் கல்முனை" என்று ஒரு படம் வந்தால் உடனே மற்றவருக்கு அனுப்பிவிடுகிறோம். எடுத்தவர் யார், எந்த ஆண்டு, எந்தச் சந்தி என்பது எவருக்கும் தெரியாது. படத்தைக் கொண்டு தேடும் வசதி இணையத்தில் உண்டு. அதனால் அந்தப் படம் முன்னர் எங்கே, என்ன விளக்கத்துடன் வெளிவந்தது என்று பார்க்கலாம். கடைப் பெயர்ப் பலகை, வாகன இலக்கம், மின்கம்பம் ஆகியவையும் காலத்தைச் சொல்லும். அதற்கும் மேலாக, அந்தச் சந்தியில் நடமாடிய பெரியவர் ஒருவரிடம் காட்டிக் கேட்கலாம். கிடைத்த விபரத்தைப் படத்தோடு சேர்த்து எழுதி வைத்தால், வெறும் படம் ஓர் ஆவணமாகிறது.

அனுமதியும் அமானிதமும்

நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுத்தாளர் உயிரோடிருக்கும் காலமும் அவர் இறந்து 70 ஆண்டுகளும் படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. எனவே பழைய இதழ் என்பதற்காக நினைத்தபடி இணையத்தில் ஏற்றிவிட முடியாது. எழுத்தாளரிடமோ அவருடைய குடும்பத்தாரிடமோ அனுமதி கேட்க வேண்டும். நல்ல நோக்கத்தோடு கேட்டால் பெரும்பாலானோர் சந்தோஷமாகத் தருவார்கள். சிலர் அலுமாரியைத் திறந்து மேலும் பத்து இதழ்களை எடுத்து வைப்பார்கள்.

குடும்பப் படங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு மாமி தன் கல்யாணப் படத்தைப் பிரதி செய்யத் தந்தால் அது அமானிதம். அவருடைய சம்மதமின்றி ஒருவருக்கும் அனுப்பக் கூடாது. பெண்களின் படம் கைமாறிப் போனால் திருப்பி எடுக்க வழியில்லை. பல தொலைபேசிகள் எடுத்த இடத்தின் விபரத்தையும் படத்துக்குள்ளேயே பதிந்து விடுகின்றன. கமரா அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

நாம் செய்யக்கூடியது

1882இல் அறிஞர் சித்திலெவ்வை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை வெளியிட்டார். அன்றைய முஸ்லிம்களின் கல்வியையும் கவலைகளையும் அறிய நாம் அதனிடம் போகிறோம். அன்று அதை வாங்கி வாசித்தவர்களில் யாரோ சிலர் எறிந்துவிடாமல் வைத்திருந்ததால்தான் அது நம்மை வந்தடைந்தது.

பரீட்சைக்குப் படிக்கும் நமக்கு நேரம் குறைவு. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் 40 பக்க இதழ் ஒன்றைப் படமெடுத்துப் பெயரிட்டு விடலாம். நம் வகுப்பில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்து ஓர் இதழ் கொண்டு வந்தால் கல்லூரி நூலகத்துக்கு ஒரு புதிய பகுதியே சேர்ந்துவிடும். நமது கல்லூரியின் பழைய மலர்களிலிருந்தே தொடங்கலாம். அவற்றில் எழுதிய மாணவிகள் பலர் இன்று உம்மாமாராகவும் உம்மும்மாமாராகவும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பதினேழு வயதில் எழுதிய கவிதையை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் யார் எழுதியது, படத்தில் நிற்பது யார் என்று சொல்லத் தொடங்குவார்கள். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளக் கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும்.