தனுஷ்கோடிக்குப் போகலாமா?

பிள்ளைகளே, லண்டனிலிருந்து பிரான்ஸுக்கு எப்படிப் போகலாம்? "ரயில்லயே போகலாமே!" என்று சொல்வீர்கள். கடலுக்கு அடியில் போகும் அந்த ரயில் பாதை 1994இல்தான் திறந்தது. அதற்கு முன்பு பலர் டோவர் வரை ரயிலில் போவார்கள். அங்கே கப்பல் ஏறுவார்கள். அக்கரையில் மறுபடியும் ரயில்.

இதே மாதிரி ஒரு பயணம் நம் ஊரிலும் இருந்தது. அது 1914இல் தொடங்கியது. சென்னையில் ரயில் ஏறினால், பாம்பன் பாலத்தில் கடலைத் தாண்டி, தனுஷ்கோடிக்குப் போகலாம். அங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னார். பிறகு கொழும்புக்கு ரயில். இந்தப் பயணத்துக்கு 'போட் மெயில்' என்று பெயர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கி.மீ. கடல். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் கடல் மிகக் குறுகலான இடத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

வாங்க, இப்போது அந்தத் தனுஷ்கோடிக்குப் போய்ப் பார்ப்போம்.

ராமேஸ்வரத்தில் பஸ் ஏறுங்கள். போகப் போக வீடுகள் குறையும். பிறகு மணல், மணல், மணல்தான். இரண்டு பக்கமும் கடல். இடது பக்கம் அமைதியான கடல். ஊர்க்காரர்கள் அதைப் 'பெண் கடல்' என்பார்கள். வலது பக்கம் அலை அடிக்கும் கடல். அது 'ஆண் கடல்'. குளிர்காலத்தில் வந்தால் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நிற்பதைப் பார்க்கலாம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓர் இடிந்த தேவாலயம் தெரியும். சுவர் இருக்கிறது, கூரை இல்லை. இங்கே ரயில் நிலையம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. உங்களைப் போன்ற பிள்ளைகள் இங்கே படித்தார்கள். அந்த ஊர் எங்கே போச்சு?

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு பெரிய புயல் வந்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் அலை அடித்துச் சென்றது. அந்த ரயிலில் இருந்த நூறு பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். "இனி இங்கே யாரும் வாழ முடியாது" என்று அரசு அறிவித்தது.

ஆனாலும் சில மீனவக் குடும்பங்கள் இங்கே குடிசை போட்டு வாழ்கிறார்கள். "குடிக்கத் தண்ணி?" என்று கேட்டால், மணலைத் தோண்டிக் காட்டுவார்கள். நல்ல தண்ணீர் ஊறும்! சுற்றிலும் உப்புக் கடல். இது மட்டும் எப்படி? மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்குகிறது. அது உப்புத் தண்ணீரைவிட லேசானது. அதனால் மேலேயே நிற்கிறது.

சாலை அரிச்சல்முனையில் முடிகிறது. அங்கே நின்று கடலைப் பாருங்கள். அக்கரையில் இலங்கை. உங்கள் வகுப்பில் ஒருவருடைய அம்மம்மா யாழ்ப்பாணமாக இருக்கலாம். இன்னொருவருடைய பாட்டி மதுரையாக இருக்கலாம். இரண்டு பேருமே இந்தக் கப்பலில் போயிருக்கலாம், இல்லையா?

ஊர் போய்விட்டது. அதன் கதை பெரியவர்களிடம் இருக்கிறது. இன்றைக்கே போன் பண்ணுங்க. தமிழில் கேளுங்க.

சொற்பொருள்
அக்கரை – கடலின் அந்தப் பக்கம்
பூநாரை – நீளமான கால்களும் வெள்ளை, இளஞ்சிவப்பு நிறமும் உள்ள பறவை
ஊறும் – மண்ணிலிருந்து மெதுவாகத் தண்ணீர் வரும்

பேசும்போது – எழுதும்போது
போச்சு – போய்விட்டது
தண்ணி – தண்ணீர்
ரயில்ல – ரயிலில்

பயிற்சி
1. போட் மெயில் பயணத்தில் வரும் ஊர்களை வரிசையாக எழுதுக.
2. மணலைத் தோண்டினால் ஏன் நல்ல தண்ணீர் வருகிறது?
3. வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: "நீங்க சின்ன வயசில கப்பல்ல, இல்லாட்டி ரயில்ல எங்க போனீங்க?" அவர் சொன்னதை ஐந்து வரிகளில் எழுதி, வகுப்பில் வாசியுங்கள்.