நோயை நோயாளிக்கு விளக்குதல்

தில்லி மாநிலப் புற்றுநோய் நிறுவனம் ஜனக்புரியில் கிளை அமைத்தபோது மேற்குத் தில்லி மக்களுக்குச் சிகிச்சை அருகில் வந்தது. நோயைப் பற்றிய அறிவும் உடன் வரவேண்டுமன்றோ?

நோயின் பெயரையே நோயாளியிடம் குடும்பத்தார் மறைப்பது நம்மிடையே வழக்கம். அன்பினால் மறைக்கின்றனர், ஆயினும் விளையும் தீங்கு பெரிது. கட்டி சுருங்கியதும் குணமாயிற்றென எண்ணிச் சிகிச்சையை நடுவில் நிறுத்திவிடுவோர் உளர். கீமோதெரபிக்குப் பின் இரத்த வெள்ளணுக்கள் குறையும் நாள்களில் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காரணமறியாதவர் கஷாயம் குடித்துக் காத்திருப்பார். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எவ்வுறுப்பில் நோய், எந்நிலையில் உள்ளது, சிகிச்சை எத்தனை மாதம் என்பவற்றை நோயாளியின் தாய்மொழியில் கூறவேண்டும். இது தொற்றுநோயன்று என்பதைக் குடும்பத்தாருக்கும் சொல்லவேண்டும் (நோயாளிக்குத் தனித்தட்டு வைக்கும் வீடுகள் இன்றும் உள). 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளுடன் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் ஆலோசனை கூற உளவியல் பிரிவே உண்டு. முதல்நாள் அதிர்ச்சியில் சொன்னது செவியில் ஏறாது. அடுத்த வருகையில் மீண்டும் சொல்லவேண்டும்.